ஆப்பிள் சிடர் வினிகரில் தலைமுடி அலசுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

ஷாம்பு போட்டு நன்றாகக் குளித்த பிறகும் முடி மெழுகு தடவியது போல் கனமாகத் தொங்குகிறதா? சீப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறதா? குளிக்கிற தண்ணீர் உப்புத் தண்ணீரா? அப்படியானால் இந்த அலசல் உங்களுக்குப் பயன்படும். பத்து நிமிட வேலைதான். ஆனால் அளவில் மட்டும் அலட்சியம் கூடாது. முதல் தடவை நான் அளக்காமல் பாட்டிலில் இருந்து நேராக மக்கில் ஊற்றிக் கலந்தேன். தலை முழுக்க எரிந்தது. அன்றிலிருந்து ஸ்பூன் இல்லாமல் இதைத் தொடுவதில்லை.

வினிகர் முடிக்குள் புகுந்து ஊட்டம் எதையும் கொடுப்பதில்லை. முடியின் மேற்பரப்பில்தான் அதற்கு வேலை. ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சோப்பு போன்ற காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் இந்தச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று சிக்குகிறது. அமிலம் பட்டால் செதில்கள் மறுபடி படியும். படிந்த பரப்பில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்புவதால் பளபளப்பும் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து வெள்ளைப் படிவமாக முடியில் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு அசையாத அந்தப் படிவத்தை அமிலம் கரைத்துவிடும். சோப்பு போட்டுத் தலை குளிப்பவர்கள் முதல் அலசலிலேயே வித்தியாசத்தை உணர்வது இதனால்தான். மென்மையான ஷாம்பும் கண்டிஷனரும் ஏற்கெனவே பயன்படுத்துபவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. பல கண்டிஷனர்களே அமிலத்தன்மையோடுதான் தயாரிக்கப்படுகின்றன.

சரி, தேவையானவை: ஆப்பிள் சிடர் வினிகர், தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி, கலக்க ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அமிலத்தில் அது அரிக்கும். அடியில் வண்டல் தங்கிய, வடிகட்டாத வினிகர்தான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வண்டல் வினிகரைப் புளிக்க வைத்த பாக்டீரியாவும் அது உண்டாக்கிய நாரும்தான். அலசுவதற்கு அது தேவையில்லை, வடிகட்டியதே போதும். பாட்டிலில் அமில அளவு 5 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே சொல்லும் கணக்கு அதற்கானது.

படி 1: சோதனை. குளிப்பதற்கு முந்தைய நாளே படி 2-ல் சொல்லும் கலவையைக் கொஞ்சமாகத் தயாரித்து, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். தலையில் புண், வெடிப்பு, சொறி இருந்தால் இந்த அலசலே வேண்டாம். சாயம் பூசிய முடி என்றால் உள்பக்கமாக ஒரு கற்றையில் மட்டும் அலசி, நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

படி 2: கலவை. 250 மில்லி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி வினிகர். தோள் வரை உள்ள முடிக்கு இது போதும். முடி நீளமாக இருந்தால் இரண்டையும் இரு மடங்காக்குங்கள். வினிகரை மட்டும் கூட்டாதீர்கள். பாட்டிலில் 5 சதவீதமாக இருந்த அமிலம் இந்தக் கலவையில் ஏறக்குறைய 0.3 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் அமிலத்தன்மை போய்விடாது, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3-ஐ ஒட்டியே இருக்கும். தலைத்தோலின் இயல்பான பிஎச் 5.5 அளவில் இருப்பது. அப்படிப் பார்த்தால் இந்தக் கலவையே தோலுக்குப் புளிப்பு அதிகம்தான். இதைவிடக் கெட்டியாகக் கலப்பதில் நன்மை எதுவும் இல்லை. தண்ணீரே கலக்காத வினிகரைத் தோலில் வைத்துத் தீப்புண் போல வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: எப்போதும் போல ஷாம்பு போட்டு, நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். முடியைப் பிழிந்து தண்ணீரை வடியவிடுங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் கலவை முடியில் நிற்காமல் ஓடிவிடும்.

படி 4: ஊற்றுவது. இங்கேதான் கவனம் வேண்டும். தலையைப் பின்பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கலவையை முன்நெற்றியில் தொடங்காமல், காதுக்குப் பின்னாலிருந்து கீழ்நோக்கி முடியின் நீளத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வாய் குறுகிய பழைய ஷாம்பு பாட்டிலில் நிரப்பிக்கொண்டால் கைக்கு அடங்கும், வீணாகவும் செய்யாது. விரல்களால் நுனிவரை கோதிவிடுங்கள். சோப்புப் படிவம் தங்குவது அதிகமும் நீளத்தில்தான். அதனால் தலைத்தோலில் தேய்த்து ஊறவைக்க வேண்டியதில்லை, வழிந்து படுவதே போதும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: இரண்டு நிமிடம் பொறுத்து, சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அரை மணி நேரம் ஊறினால் இன்னும் பளபளக்கும் என்று நினைக்க வேண்டாம், தோல்தான் வறண்டு போகும். வாடை ஈரம் இருக்கும்வரைதான், முடி காய்ந்ததும் போய்விடும். நுனி வறட்சியாக இருந்தால் அப்புறம் அங்கே மட்டும் கொஞ்சம் கண்டிஷனர் தடவி அலசிக்கொள்ளலாம்.

வாரம் ஒரு தடவை போதும். வறண்ட முடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையே அதிகம். அடிக்கடி செய்தால் முடி விறைப்பாகி நுனி உடையத் தொடங்கும். அப்படித் தெரிந்தால் ஒரு மாதம் நிறுத்திவிடுங்கள்.

சிலர் இதோடு பேக்கிங் சோடாவையும் கலக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, நுரைத்து அடங்கியபின் உப்புத் தண்ணீர் போன்ற ஒன்றுதான் மிஞ்சும். சோடாவைத் தனியாகத் தலையில் தேய்ப்பதும் முடிக்குக் கெடுதல்தான். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: குளியலறை கழுவும் பிளீச்சோடு வினிகர் ஒருபோதும் சேரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச் போட்டுத் தேய்த்த தரையைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிய பிறகே இந்த அலசலைச் செய்யுங்கள்.

முடி வளருமா, பொடுகு போகுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வினிகரால் முடி வளர்ந்ததாக நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பொடுகுக்குப் பின்னால் தலைத்தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையின் பங்கு இருக்கிறது. அதற்கு கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பு போன்ற சரியான மருந்துகள் உள்ளன. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதைத் தாண்டிக் கொத்தாகக் கையில் வந்தாலோ, ஓரிடத்தில் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, வினிகர் பாட்டிலை மூடி வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.