படகுக் கணக்கு எழுதுபவரின் மேசை: கழுத்து பிடிக்காமல் உட்காரும் முறை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மீன்பிடிப் படகுக் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு, ஏலத் தொகை எல்லாம் லேப்டாப்பில்தான். படகுகள் கரை சேரும் நாளில் எழுந்திருக்கவே முடியாது. கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அப்போதுதான் மேசையைச் சரிசெய்தேன்.

முழங்கை, பாதம், முதுகு, கடைசியில் திரை. இந்த வரிசை மாறக்கூடாது. திரையில் தொடங்கினால், நாற்காலியை உயர்த்தியதும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

தோளைத் தளர்த்தி, முழங்கைக் கோணம் 90 டிகிரி அல்லது சற்றே விரிந்து இருக்கும்படி கையை மடக்குங்கள். கீபோர்டு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். கடை மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம், நம்மில் பலருக்கு அது அதிகம், அதனால்தான் தோள் தானாக மேலே ஏறுகிறது. மர மேசையாக இருந்தால் காலை அறுத்துவிடலாம். என்னுடையது இரும்பு, அதுவும் வாடகை. ஆகவே உட்காரும் உயரத்தைக் கூட்டினேன்: பிளாஸ்டிக் நாற்காலிமேல் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி. சக்கரம் வைத்த சுழல்நாற்காலியை நான் சொல்லமாட்டேன், உப்புக்காற்றில் சக்கரம் துருப்பிடித்து இறுகிவிடும்.

சிக்கல் இனிமேல்தான். ஆள் உயர்ந்ததும் கால் தரைக்கு எட்டாது. தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். காலை எட்டவைக்க உடம்பு முன்னால் வழுக்கும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும், கூன் விழும். "நிமிர்ந்து உட்காரு" என்று வீட்டில் எத்தனை தடவை சொன்னாலும் பலனில்லை. காலுக்கு ஒரு பிடி வேண்டும். மீன் டிரேயைக் கவிழ்த்துப் பார்த்தேன், முட்டி மேசையில் இடித்தது. தெர்மாகோல் பெட்டி நொறுங்கிவிடும். 4 அங்குல ஹாலோ பிளாக் இரண்டைப் படுக்கப் போட்டு மேலே ஒரு பலகை வைத்தேன், சுமார் 10 செ.மீ. வந்தது. தொடை தரைக்கு இணையாகவும், முட்டிக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைய இடமும் இருந்தால் சரி.

இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முதுகுக்கு அவ்வளவுதான்.

அப்புறம் திரை. மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். தலை கிட்டத்தட்ட 5 கிலோ; குனியக் குனியக் கழுத்துத் தசைக்குச் சுமை கூடும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். தனிக் கீபோர்டும் மௌஸும் வாங்கியே ஆக வேண்டும். வயர் வைத்த மலிவானதே போதும். லேப்டாப் பழைய பேரேடுகள்மேல் ஏறிவிட்டது. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கடல் வெளிச்சம் திரையில் அடிக்காது. இவ்வளவு செய்தாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒருவர், திரையை உயர்த்தியபின் கழுத்துவலி கூடிவிட்டது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பகுதி வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் திரையைத் தாழ்த்தி, லேசாகப் பின்னால் சாய்த்து வைக்கவேண்டும். தரையில் உட்கார்ந்து வேலை செய்வது பற்றியும் கேட்டிருந்தார்கள்: முட்டியைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி கெட்டியான தலையணையைப் போட்டு, சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். விரல் மரத்துப்போனாலோ வலி கைக்கு இறங்கினாலோ மேசையை நோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.