நாயோட ஒழுங்கையில இறங்கினா செய்யக்கூடாத சில விசயங்கள்

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் இப்ப புதுசா நாய் வளர்க்கிற ஆக்கள் கூடிப்போச்சினம். பின்னேரம் வெயில் தாழ கொக்குவில், திருநெல்வேலி ஒழுங்கையள் எதுக்க இறங்கினாலும் ரெண்டு மூண்டு பேர் கயித்தோட நிப்பினம், நாய்தான் அவையை இழுத்துக்கொண்டு போகும். கயிறில்லாமல் விடுறது, மத்தியானம் கொதிக்கிற தார் றோட்டில நடத்துறது இதெல்லாம் நான் சொல்லேல்ல, ஆருக்கும் தெரிஞ்சதுதான். குறுக்க ஓடுற அணில், ஓணான், தேரை, கீரியளைக் கண்டா எங்கட ஆக்கள் செய்யிற கூத்தைப் பற்றித்தான் கதைக்கப்போறன்.

"உஸ்ஸ்... பிடி பிடி" எண்டு ஏவுறது

இதைக் கண்டா எனக்கு இப்பவும் விசர் வரும். குட்டி வேலியில ஓடுற ஓணானைப் பாத்துக் குலைக்கும், உடனே வீட்டுக்காரர் சிரிச்சுக்கொண்டு "உஸ்ஸ் பிடி" எண்டு ஏவி விடுவார், பிள்ளையள் கைதட்டும், ஆரோ ஒராள் போனில வீடியோவும் எடுப்பார். அண்டைக்கே குட்டிக்குப் பாடம் பதிஞ்சிடும், அசையிறது எல்லாத்துக்கும் பாயலாம், பாஞ்சா வீட்டுக்காரருக்குச் சந்தோசம் எண்டு. பிறகு அது வளர்ந்து ஆளையே விழுத்துற பலம் வந்தாப்பிறகு "ஏனண்ணை என்ர நாய் இப்பிடி இழுக்குது" எண்டு என்னட்டைக் கேக்க வருவினம்.

எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன், அல்சேஷன் கலப்பு நாய் வச்சிருக்கிறான். முதல்ல அணிலுக்கு ஏவினான். அடுத்தது பக்கத்து வளவு அடைக்கோழி போச்சு, ஆச்சி வேலிக்கு மேலால ஏசின ஏச்சு சந்தி மட்டும் கேட்டது, கோழிக்கும் குஞ்சுகளுக்கும் காசு குடுத்துத்தான் அடங்கினது. அதோட நிப்பாட்டியிருக்கலாம். மாரி முடிஞ்ச நேரம் ஒருநாள் செக்கலுக்குள்ள, வெறுங்காணியில கிடந்த பனையோலைக் குவியலுக்குள்ள ஏதோ சரசரக்க நாய் மூக்கை விட்டிட்டுது. உள்ளுக்க கிடந்தது புடையன் பாம்பு, கண்ணாடி விரியன் எண்டும் சொல்லுவினம். புடையன் சீறினா பத்தடி தள்ளி நிண்டாலும் கேக்கும், ஆனா பாயப் பழகின நாய்க்கு அது இன்னும் உசார்தான் குடுக்கும். மோவாய் வீங்கி வீங்கி கண்ணும் மூடிப்போச்சு. தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிட்டை ஓடினபடியால் நாய் தப்பினது, செலவு எவ்வளவு எண்டு அவன் இண்டைவரைக்கும் தாய்க்குச் சொல்லேல்ல. "ஏனண்ணை இது போய் அதுக்குள்ள மூக்கை வச்சது" எண்டு கேட்டான். நீதானே தம்பி பழக்கினனீ. அணிலுக்குப் பாய், பாம்புக்குப் பாயாதை எண்டு நாய்க்குப் பிரிச்சுச் சொல்ல ஏலாது.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. நாய் பாயமுதல் ஒரு கணம் விறைச்சு நிக்கும், காது முன்னால வரும், வாய் மூடும், பார்வை ஒரே இடத்தில குத்தி நிக்கும். அந்தக் கணத்தில கூப்பிட்டுத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கம் நடவுங்கோ, திரும்பினா வாயில ஒரு துண்டு ஈரல். பாஞ்சாப்பிறகு கத்திறதில பிரயோசனம் இல்லை, நீங்களும் சேர்ந்து குலைக்கிறியள் எண்டுதான் அது நினைக்கும்.

பாம்பு கடிச்சா நாயை நடத்தவும் வேண்டாம், கயிறு கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கோ. உங்கட வைத்தியரிட்டை விச முறிவு மருந்து இருக்கோ எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ.

கயித்தைக் கையில சுத்துறது

விரல் போகும்.

தேரையைக் கவ்வினாப்பிறகு பாத்துக்கொண்டு நிக்கிறது

மழை பெஞ்ச இரவில லைட் போஸ்டுக்குக் கீழ பூச்சி பொறுக்க வந்து குந்தியிருக்கும். கண்ணுக்குப் பின்னால இருக்கிற ரெண்டு புடைப்பிலதான் விசம், கவ்வினா வெள்ளையாப் பால் மாதிரி வரும். நாய் வாணி வடிச்சு, நுரை தள்ளி, தலையை உதறும். அதைப் பாத்திட்டு சிலர் வாயைத் திறந்து தண்ணி ஊத்துறவை, அது நுரையீரலுக்குப் போனா இன்னொரு வில்லங்கம். தலையைக் கீழ சரிச்சுப் பிடிச்சு, கடைவாய்ப் பக்கத்தால தண்ணி விட்டு வெளியில ஓடவிடவேணும், முரசையும் (பல்லு ஈறு) ஈரத்துணியால துடையுங்கோ. தள்ளாடினா, வலிப்பு வந்தா வைத்தியரிட்டை.

கீரி கடிச்சதை "சின்னக் காயம்" எண்டு விடுறது

இலங்கையில விசர் நோய் (ரேபிஸ்) நாயோட மட்டும் நிக்கிறேல்ல, கீரியிலயும் இருக்கு. நல்ல கீரி ஆளைக் கண்டா வேலிக்குள்ள பூந்திடும். ஓடாமல் தள்ளாடிக்கொண்டு நிண்டா, இல்லாட்டி உங்களுக்கு நேர வந்தா, நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியால திரும்புங்கோ. கடி பட்டா காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவவேணும், நாய்க்கும் உங்களுக்கும் இதேதான். வருசா வருசம் ஊசி போட்ட நாயா இருந்தாலும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டவேணும். உங்களைக் கடிச்சா அண்டைக்கே ஆஸ்பத்திரி.

பூனையோட சண்டைக்கு விடுறது

கண்ணைத்தான் கீறும்.

செத்த எலியை மணக்க விடுறது

தோட்டக்காணியளுக்குப் பக்கத்தில இது கட்டாயம் கவனிக்கவேணும். கன எலி மருந்துகள் ரத்தம் உறையவிடாமல் செய்யிறதுகள், திண்ட அண்டைக்கு நாய் ஒண்டும் காட்டாது, சில நாள் கழிச்சுத்தான் சோர்ந்து முரசு வெளிறிப்போய்க் கிடக்கும். ஆனபடியால் கவ்வினதைக் கண்டா அறிகுறி பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம், அண்டைக்கே கொண்டுபோங்கோ.

வாயில கிடக்கிறதைப் பிடுங்குறது

பிடுங்கினா இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இல்லாட்டி விழுங்கிடும். வீட்டில விளையாட்டுச் சாமானை வச்சு "விடு" பழக்குங்கோ, விட்டா அதைவிட ருசியான ஒண்டு குடுக்கவேணும். பிஸ்கட்டுக்கு எந்த நாயும் அணிலை விடாது, அவிச்ச கோழி ஈரல் கொண்டுபோங்கோ.