ஏற்காட்டில் வெளுத்துப்போன மிக்-21

1:72 அளவில் மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று செய்தேன். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற விமானம். மாதிரியின் நீளம் சுமார் 20 செ.மீ. ஒட்டுவது, தேய்ப்பது, சாம்பல் நிறம் பூசுவது எல்லாம் சுலபமாக முடிந்தது. கடைசியாக ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் சிறு கருவி) லாக்கர் வார்னிஷ் அடித்ததும் இறக்கைகள் பால்போல வெளுத்துவிட்டன.

ஏற்காட்டில் அன்று ஜன்னலுக்கு வெளியே ஏரியே தெரியாத மூடுபனி. வார்னிஷை நீர்க்கவைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. தூசி என்று நினைத்துத் துடைத்தால் போகாது.

மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னரை மட்டும் எடுத்து, குறைந்த அழுத்தத்தில், புகைபோல லேசாக அடித்தேன். மேல்பூச்சு கொஞ்சம் இளகி, ஈரம் வெளியேறி, வெளுப்பு மறைந்தது. ஆனால் சில தின்னர்கள் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். மீந்த துண்டு ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெசர் குழாயில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறியும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர்த் துளியும் சேர்ந்து தெறிக்கும்.

அப்புறம் அடுத்த பூச்சை மலையில் அடிக்கவில்லை. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டு மொட்டை மாடி, மதிய வெயிலுக்குப் பிந்திய நிழல். சேலத்து வெயிலை எவ்வளவு திட்டினாலும் வார்னிஷுக்கு அதுதான் தோது.