ஓவர்கிளாக் பண்ணப் போறீங்களா? போர்டையும் கூலரையும் சேர்த்தே பாருங்க

ஓவர்கிளாக்னா பிராசசர கம்பெனி வெச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்டறது. முதல் தடவை அத பண்றவங்க முக்கால்வாசி காச பிராசசர்ல கொட்டிட்டு, மதர்போர்டுக்கும் கூலருக்கும் மிச்சத்த வெச்சு ஒப்பேத்துவாங்க. நானும் அதே ஆளுதான். சுமாரான போர்டு, டவர் ஏர் கூலர், 8 கோர் பிராசசர், எல்லா கோரும் 4.8 கிகாஹெர்ட்ஸ்ல சமத்தா ஓடிட்டு இருந்துச்சு. ஆசை யாரை விட்டுச்சு, 240 எம்எம் ரேடியேட்டர் வெச்ச லிக்விட் கூலர் வாங்கி மாட்டினேன். பிராசசர் சூடு நல்லாவே குறைஞ்சுது, ஆனா ரெண்டர் போட்டு கால் மணி நேரத்துல ஸ்பீடு 3.6க்கு விழுது, ஏறுது, மறுபடி விழுது. பிராசசர் 70 டிகிரிதான், அப்புறம் என்ன கேடு? பிராசசர் சாக்கெட் பக்கத்துல இருக்கற ஹீட்சிங்க்ல, அதாவது சூட்ட இழுக்கற உலோகத் துண்டுல, விரல வெச்சேன், சுள்ளுன்னுச்சு.

அதுக்கு அடியில இருக்கறதுதான் விஆர்எம். பவர் சப்ளைல இருந்து வர்ற 12 வோல்ட்ட பிராசசருக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டா இறக்கிக் கொடுக்கற பகுதி. 200 வாட்ட 1.3 வோல்ட்டால வகுத்துப் பாருங்க, 150 ஆம்புக்கு மேல வரும், அவ்வளவும் அந்த குட்டி குட்டி சிப்புங்க வழியாத்தான் போகணும். பழைய ஏர் கூலரோட ஃபேன் காத்து போற போக்குல விஆர்எம் மேலயும் பட்டுட்டு இருந்திருக்கு, லிக்விட் கூலர் மாட்டினதும் அந்தக் காத்து நின்னுபோச்சு. கேஸ் பின்னாடி ஃபேன் கூட இல்லாம வெச்சிருந்தேன், ஒண்ணு மாட்டினதும் சரியாச்சு.

அதனால போர்டு பாக்கும்போது, முதல்ல அது ஓவர்கிளாக் பண்ண விடுமான்னு பாருங்க. இன்டெல்னா பிராசசர் பேர்ல கே இருக்கணும், போர்டு இசட் வரிசையா இருக்கணும், இசட்790 மாதிரி. பி760ல ரேம் ஸ்பீட ஏத்தலாம், பிராசசர் ஸ்பீட முடிவு பண்ற மல்டிபிளையர தொட முடியாது. ஏஎம்டில ரைசன் பிராசசர்ல பெரும்பாலும் மல்டிபிளையர் திறந்தே வரும், பி650 போதும், ஏ620 வேண்டாம். 7800எக்ஸ்3டி மாதிரி சிலதுல மல்டிபிளையர் பூட்டியிருக்கும், அத நம்பி பெரிய போர்டு வாங்கிடாதீங்க.

அடுத்தது விஆர்எம். பெட்டில "16 ஃபேஸ்"னு, அதாவது கரண்ட்ட பங்கு போட்டுக்கற சர்க்யூட் 16னு, கொட்டை எழுத்துல போட்டிருந்தா மயங்காதீங்க, 8 ஃபேஸையே இரட்டிச்சு 16னு சொல்றதும் உண்டு. ஒவ்வொரு பவர் ஸ்டேஜும், முன்ன சொன்ன குட்டி சிப்புதான் அது, எத்தன ஆம்ப் தாங்கும், 50ஆ 90ஆ, அதத் தேடுங்க. ஹீட்சிங்க் கனமான உலோகமா, காத்து நுழையற மாதிரி வெட்டு வெட்டா இருக்கணும், சிலதுல மேல பளபளன்னு பிளாஸ்டிக் மூடிதான், உள்ள ஒண்ணும் இருக்காது. ஆர்ஜிபி லைட்டுக்கு குடுக்கற காச இதுல போடுங்க. பின்னாடி கிளியர் சிமாஸ் பட்டன், அதாவது செட்டிங்க எல்லாம் பழையபடி ஆக்கற பட்டன், இருந்தா பெரிய புண்ணியம், செட்டிங் தப்பாகி ஸ்கிரீன் வராத ராத்திரியில அதோட அருமை தெரியும்.

இப்ப கூலர். பிராசசர் எடுக்கற பவர் ஸ்பீடுக்கு நேரா ஏறும், வோல்ட்டேஜுக்கு அதோட வர்க்கமா ஏறும். 4.8ல இருந்து 5.2க்குப் போறது 8 சதவீதம்தான், ஆனா அதுக்காக 1.2 வோல்ட்ட 1.35 ஆக்கினா பவர் சுமார் 37 சதவீதம் கூடும், 150 வாட் இருந்தது 205 ஆயிடும். கூலர 205க்குப் பாத்து வாங்கணும், 150க்கு இல்ல. 6, 8 கோருக்கு நல்ல இரட்டை டவர் ஏர் கூலரே தாராளம், கேஸ் உயரத்தையும் ரேம் உயரத்தையும் அளந்துக்கோங்க, இதுல நிறைய 160 எம்எம் பக்கம் வரும். 200 வாட்டுக்கு மேல நிறைய நேரம் ஓட்டறவங்க 280, 360 பக்கம் போங்க. 120 எம்எம் லிக்விட் கூலர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுக்கு நல்ல ஏர் கூலரே மேல். ரேடியேட்டர மேல மாட்டினா நல்லது, எங்க மாட்டினாலும் பம்ப் மட்டும் எல்லாத்தையும் விட உசரத்துல இருக்கக் கூடாது, உள்ள இருக்கற காத்து அங்க போய் உக்காந்துக்கும்.

இன்டெல் 13, 14வது தலைமுறைன்னா வோல்ட்டேஜ் ஏத்தறதுக்கு முன்னாடி பயாஸ, அதாவது போர்டுல இருக்கற செட்டிங் சாஃப்ட்வேர, அப்டேட் பண்ணிடுங்க. அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் போய் சிப்பு கெடற பிரச்சனைக்கு 2024ல மைக்ரோகோட், அதாவது சிப்போட உள் புரோகிராமுக்கு ஒரு திருத்தம், விட்டாங்க.

எல்லாம் மாட்டினதும் 100 மெகாஹெர்ட்ஸா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் முழு லோடு குடுத்து, எச்டபிள்யூஇன்ஃபோங்கற புரோகிராம்ல ஸ்பீடு, பிராசசர் சூடு, விஆர்எம் சூடு மூணையும் பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிராசசர் சூடு 95, 100ஐ தொட்டு ஸ்பீடு விழுந்தா கூலர் பத்தல, இல்ல வோல்ட்டேஜ் ஜாஸ்தி. பிராசசர் குளுகுளுன்னு இருந்தும் ஸ்பீடு விழுந்தா பயாஸ்ல பவர் லிமிட்ட ஒரு தடவ பாத்துட்டு, கூலர மாத்தக் கிளம்பாம, விஆர்எம் பக்கம் ஒரு ஃபேன திருப்பி விட்டுப் பாருங்க.