கார் மேல் மரப்பிசின் ஒட்டிக்கொண்டால்

கார் மேல் பிசின் சொட்டியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், பெயின்ட்டில் கீறல் விழும். புதுப் பிசினுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்து கெட்டியாகிவிட்டதா? தூசி போகக் கழுவி, நிழலில் நிறுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (கிருமிநாசினியாகப் பயன்படும் ஒருவகை ஆல்கஹால்) நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அதன் மேல் அரை நிமிடம் வையுங்கள். இளகியதும் மெதுவாகத் துடையுங்கள். வராவிட்டால் திரும்ப நனைக்கலாம், அழுத்தித் தேய்க்க வேண்டாம். மறுபெயின்ட் அடித்த காரென்றால் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள், அது பெயின்ட்டையே கெடுத்துவிடும். பெயின்ட்டைக் காக்கப் பூசும் மெழுகான வேக்ஸையும் ஆல்கஹால் எடுத்துவிடும் என்பதால், அப்புறம் அந்த இடத்தைக் கழுவி மறுபடி வேக்ஸ் போடுவது அவசியம்.

கண்ணாடிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். அதே ஆல்கஹால்தான். மிச்சமிருப்பதைச் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து எடுக்கலாம். ஃபிலிம் ஒட்டிய பக்கத்தில் மட்டும் பிளேடு கூடாது.