ஒளிவிழா மேடைச் சாமான் செய்யும்போது விடக்கூடாத பிழைகள்

வன்னியில் ஒளிவிழா, அதாவது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் நத்தார் நிகழ்ச்சி, நடக்கும் காலம் மாரி காலம். மற்ற மாதங்களில் ஒரு பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும் மட்டை, மார்கழியில் இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். ஞாயிறு பாடசாலை மேடைச் சாமான்கள் பழுதாவதற்கு இந்த ஈரத்தை மறப்பது ஒரு காரணம். இன்னொன்று, படத்தைப் பார்த்துச் செய்துவிட்டு, அதைத் தூக்கப்போகிற பிள்ளையை யோசிக்காமல் விடுவது.

காட்போட்டில் தொடங்குவோம். பிறிஜ், ரீவி வந்த பெட்டிகளைக் கடைக்காரர் கேட்டால் தருவார்கள். வெட்டுமுனையைப் பார்த்தால் உள்ளே நெளிநெளியாகக் கடதாசி ஓடுவது தெரியும். அந்த நெளி மேலிருந்து கீழாக நிற்கவேண்டும். படுக்கையாக வைத்து வெட்டினால், வேதத்தில் ஏழாம் நாள் விழுகிற எரிகோ மதில் இங்கே அதுவரை காத்திராது. ஒத்திகையிலேயே நடுவில் மடியும். முன்பக்கம் மட்டும் பெயின்ற் அடிப்பதும் பிழை. ஈரத்தில் விரிந்த பக்கம் காயும்போது சுருங்கி, மட்டையை வில்லாக வளைக்கும். தண்ணீர் கலந்த எமல்சனைப் பின்பக்கமும் ஒரு தரம் பூசி, அரைகுறையாகக் காய்ந்ததும் வாங்குக்கு அடியில் சமதரையில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள்.

பசைக்கு ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு கப் தண்ணீரில் ஊற்றி, மினுங்கிக் கட்டியாகும்வரை கிண்டினால் போதும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். மறுநாள் புளித்து நாறும், பிடிமானமும் போய்விடும். யோனாவின் மீனுக்கோ ஆட்டுத் தலைக்கோ கடதாசி ஒட்டும்போது ஒரே நாளில் ஏழெட்டுப் படை ஏற்றுகிறவர்கள் உண்டு. வெளியே காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒரு நாளைக்கு மூன்று படைக்கு மேல் வேண்டாம். மழை விடாவிட்டால் மாப்பசையை விட்டு, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசைக்கு மாறுங்கள். ரெஜிபோமில் (பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைப் பலகை) ஸ்பிறே பெயின்றோ தின்னர் கலந்த பெயின்றோ பட்டால் அது உருகிக் குழிவிழும். அதற்கு எமல்சன் மட்டும்தான்.

அளவில் வரும் பிழைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. இஸ்ரவேலர் தண்டுகளில் தோளில் சுமந்த உடன்படிக்கைப் பெட்டியை எடுங்கள். யாத்திராகமம் 25:10இல் நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். பெரியவரின் முழத்தில் அளந்தால் நீளம் 112 சென்ரிமீற்றர், உயரம் 67. பத்து வயதுப் பிள்ளைகள் நாலு பேர் அதைத் தோளில் ஏற்றினால் முகமும் தெரியாது, நடையும் தடுமாறும். தூக்கப்போகிற பிள்ளையின் முழங்கையில் இருந்து விரல்நுனிவரை அளவெடுங்கள். அது 35 சென்ரிமீற்றர் என்றால் பெட்டி 87 நீளம், 52 உயரம். விகிதம் வேதம் சொன்னபடியே நிற்கும், பிள்ளைக்கும் பொருந்தும். தண்டுக்கு மெல்லிய பீவீசீ குழாய் வேண்டாம், நடுவில் தொய்யும். சீவி மழித்த மூங்கில் நல்லது. நாலு பேரும் ஒரே உயரமாக இருக்கட்டும். இதைப் பார்க்காமல் பெட்டி சரிந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

தாவீது கவணால் வீழ்த்திய கோலியாத்து ஆறு முழமும் ஒரு சாணும். அந்த உயரத்துக்காக ஒரு பிள்ளையை இன்னொருவர் தோளில் ஏற்றவே கூடாது. விழவேண்டிய பாத்திரம் அது. பெரிய வகுப்புப் பையனுக்கு உயரமான தலைச்சீராவும் அகன்ற கேடயமும் கொடுத்து, தாவீதாகக் குட்டிப் பிள்ளை ஒன்றை நிறுத்துங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும். கவணுக்குக் கல் வேண்டாம், கசக்கிய கடதாசியைப் பழைய காலுறைக்குள் அடைத்தால் போதும். மிருகங்களுக்கு முழு முகமூடி போட்டால் வசனம் வெளியே வராது. நெற்றிப்பட்டியில் காதும் கொம்பும் ஒட்டுங்கள்.

நிற்கிற தட்டிகளை ஆணியடித்து மேடைத் தரையில் பிடிக்க முடியாது. ஆறடித் தட்டிக்குப் பின்னால் இரண்டடி நீளக் கால் முக்கோணமாக வைத்து, அதன்மேல் ஐந்து கிலோ மண்மூட்டை வையுங்கள். எங்கள் மண்டபங்கள் பலவும் அரைச்சுவர். வாடைக்காற்று அடித்தால் இறுக்கிக் கட்டிய திரைச்சீலை பாய்போல உப்பி, கம்பத்தையும் இழுத்து விழுத்தும். மேலே மட்டும் கட்டி, கீழே ஒரு தடியைச் செருகித் தொங்கவிடுங்கள். திரையில் வரையும் கோடுகள் இரண்டு விரல் தடிப்பாவது இருக்கட்டும். வரைகிற இடத்தில் நின்று பார்க்காமல், கடைசி வாங்கில் போய் இருந்து பாருங்கள்.

குழந்தை இயேசுவைக் கிடத்தும் முன்னணைக்கு முழுவதும் வைக்கோல் அடைத்தால் தூசியில் பிள்ளைகள் இருமுவார்கள். கீழே சாக்கை மடித்து வைத்து, மேலே மூன்று விரலளவு உதறிய வைக்கோல் போதும். கிடுகுக் கொட்டிலுக்கும் பஞ்சுத் தாடிக்கும் கிட்ட மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். பற்றரி விளக்கே வையுங்கள். எரிகோ மதில் விழுவதற்கோ சீனாய் மலையின் இடிக்கோ வெடி கொளுத்தாதீர்கள். போருக்குள் இருந்து வந்தவர்கள் அந்த வாங்குகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பலகைமேடையில் காலால் மிதித்தாலே இடிபோலக் கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் மட்டைகளைச் சுவரோடு சாத்தித் தரையில் விட்டால் அடுத்த வருடம் கறையான்தான் மிஞ்சும். மடித்துக் கட்டி, சீமெந்துக் கற்கள்மேல் பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.