ஏழு நாள் கொப்பி: நம்ம உடம்புக் கணக்கை நாமே எழுதிப் பார்ப்போம்

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறம்மா?" என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். "நாலு இருக்கும்டி" என்றார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. ஒரு வெறும் பால்மா டின்னையும் ஒரு கைப்பிடி போஞ்சி விதையையும் கொடுத்து, ஒரு கோப்பைக்கு ஒரு விதை போடச் சொன்னேன். கொழுந்து எடுக்கும் தேயிலை மலையில் குடிப்பதற்கு முந்தானையில் நாலைந்து விதை முடிந்துகொண்டு போவார். புதன்கிழமை ராத்திரி டின்னைப் பாயில் கொட்டி எண்ணினோம். எட்டு. அம்மா நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். எட்டேதான்.

அம்மா பொய் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து குடித்த நாலும் அவருக்கு ஞாபகம் இருந்தது. பத்து மணிக்கு மலையில் சோடாப் போத்தலில் கொண்டுபோன சாயத்தண்ணி, அடுத்த வீட்டுக் காம்பராவில் (அறையில்) சின்னம்மா நீட்டிய கோப்பை, கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கொடுத்தது இதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. நம் எல்லோருடைய உடம்புக் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. அதனால் "இனிமே சீனியைக் குறைக்கணும்" என்று தீர்மானம் எடுப்பதற்கு முன்னால், ஏழு நாள் எழுதிப் பார்க்க வேண்டும். இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சில பெண்களோடு சேர்ந்து செய்து பார்த்த முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கொப்பியும் ஒரு ஆணியும்

பிள்ளைகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். அதை அலுமாரிக்குள் வைத்தால் ஏழு நாளும் அங்கேயே கிடக்கும். அடுப்படிச் சுவரில் ஒரு ஆணி அடித்து, கொப்பியையும் பென்சிலையும் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். எழுத வராதவர்களுக்கு டின்னும் விதையும்.

இந்த ஏழு நாளும் எதையும் மாற்றாதீர்கள், இது முக்கியம். நாலு வெத்திலை போடுபவர் நாலும் போடட்டும். கொப்பி பார்க்கிறதே என்று ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருந்தால், கொப்பியில் இருப்பது உங்கள் வாழ்க்கையாக இருக்காது. சம்பள வாரத்தையும் திருவிழா வாரத்தையும் தவிர்த்து, சாதாரணமான ஒரு வாரத்தில் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஆறு கோடு

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தேத்தண்ணி (எத்தனை கோப்பை, எத்தனை கரண்டி சீனி), பச்சைத் தண்ணி, சாப்பாடு, வெத்திலை–சுருட்டு–சாராயம், உறக்கம், மனசு என்று ஆறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டவுன் கடையிலோ கொழும்பிலோ நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவர்கள் ஏழாவதாக நடையையும் சேருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பவருக்கு அந்தக் கோடு தேவையில்லை. அவருக்குக் குறைவாக இருப்பது ஓய்வு.

சீனியைக் கரண்டியாகவே எழுதுங்கள். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பவர்கள், ஒரே ஒரு நாள் அந்தக் கைச்சீனியைத் தேக்கரண்டியில் போட்டு அளந்து பாருங்கள். ஒரு கரண்டி என்று நினைத்திருந்த கையில் இரண்டரை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மட்டத் தேக்கரண்டி சுமார் 4 கிராம். அம்மாவின் எட்டுக் கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 64 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். 25 கிராம் என்றால் ஆறு கரண்டி. பிஸ்கட்டும் சோடாவும் அதற்குள்தான் அடக்கம். 2016 முதல் இலங்கையில் சோடாப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனி அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். அந்த நிறத்தையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கோட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதோடு, அதில் மரக்கறி இருந்ததா என்றும் எழுதுங்கள். நம் தோட்டத்து ஓரத்திலேயே கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் விளைகிறது, லொறியிலும் போகிறது. நம் தட்டில் கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான். மரக்கறி, பழம் இரண்டும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் வேண்டும். சமைத்த கறியில் ஐந்து கைப்பிடி என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு எல்லாமாகச் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள். கருவாடு சேர்த்த நாளில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணிக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து அக்கா ஒருவருடைய கொப்பியில் விடிய ஒரு கோப்பை தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்து மணி வரை வெறும் கோடு. ஏழு நாளும் அப்படியே. "ஏன்க்கா?" என்று கேட்டேன். "மலையில எங்க புள்ள போறது?" என்றார்.

கொழுந்து மலையில் கக்கூஸ் இல்லை. தண்ணி குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், அட்டை, பாம்பு, ஆம்பிளை ஆட்கள். அதனால் குடிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று அந்த அக்கா வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது கொப்பிதான். கடுப்போடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகு வலி சேர்ந்து வந்தால் கைவைத்தியம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: நாலு இலக்கம்

அந்த வாரத்திலேயே பிரஷர், சீனி, நிறை, இடுப்புச் சுற்றளவு நாலையும் அளந்து கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் நடக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாளில் என்பதைக் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும், சாயத்தண்ணியும் கூடாது.

பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் திரும்பவும் அளந்து டொக்டரிடம் பேச வேண்டும். வெறும் வயிற்றுச் சீனி 100க்கு மேல் போனால் கவனம், 126ஐத் தொட்டால் சீனி வருத்தம்தானா என்று மறுபடி சோதிப்பார்கள். இடுப்பு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள். ஏற்கெனவே மருந்து குடிப்பவர்கள், இலக்கம் நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்து குடிப்பதால்தான் நன்றாக இருக்கிறது.

நான்காம் படி: இரண்டாகப் பிரித்தல்

ஏழாம் நாள் ராத்திரி, பிள்ளைகள் உறங்கிய பிறகு கொப்பியை விரித்து உட்காருங்கள். ஒரு புதுப் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் "என் கையில் இருப்பது", மறுபக்கம் "என் கையில் இல்லாதது" என்று எழுதுங்கள்.

மலையில் கக்கூஸ் இல்லாதது, ஜன்னல் இல்லாத காம்பராவில் விறகுப் புகை, மழைக்கு ஒழுகும் தகரத்தால் கெடும் உறக்கம் இதெல்லாம் உங்கள் பழக்கத்தின் குறை கிடையாது. "நான்தான் உடம்பைப் பார்த்துக்கல" என்று நம் பெண்கள் எல்லாவற்றையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்வதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தனியாக வையுங்கள். நாலு பேருடைய பக்கத்தைச் சேர்த்துத் தோட்டத் தலைவரிடமும் மிஸ்ஸிடமும் கொடுங்கள். பொதுவாகச் சொல்லும் குறையை விட, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் தண்ணி குடிக்காமல் இருக்கிறார்கள் என்று எழுதிய தாளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு இலக்கு

மற்றப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு வேண்டாம். தினமும் நடப்பதாகவும், காசு செலவில்லாமல் மாற்றக்கூடியதாகவும் இருப்பதை எடுப்பது நல்லது. "உடம்பைக் குறைக்கணும்" என்று எழுதினால் நாளைக்குக் காலையில் என்ன செய்வதென்று தெரியாது. எப்போது, எங்கே, எவ்வளவு என்று எழுதுங்கள்:

"திங்கக்கிழமையிலிருந்து விடியத் தேத்தண்ணிக்கு ஒன்றரைக் கரண்டி." இரண்டு வாரம் கழித்து ஒரு கரண்டி. நாக்கு மெதுவாகப் பழகிக்கொள்ளும். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் சீனி டின்னைத் தேடும்.

"பகல் சோறு தின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தேத்தண்ணி." இரத்தம் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

"பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ஒரு கோப்பை, பகலுக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு கோப்பை தண்ணீர்." தண்ணி குடிக்காத அக்கா எடுத்தது இது.

வெத்திலைக்காரர்கள், முதலில் புகையிலைத் துண்டை விடுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். "வெறும் வெத்தில பாக்குதானே" என்பார்கள். புகையிலை இல்லாத வெத்திலைக்கூட்டும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சொல்லிவிட்டது, பாக்கே குற்றவாளி. வாயில் வெள்ளைப் படை, இரண்டு வாரமாக ஆறாத புண், மூன்று விரலை அடுக்கி வைக்க முடியாதபடி வாய் சுருங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்குக்குப் போங்கள்.

நாள் தவறாமல் அதிகமாகச் சாராயம் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதை டொக்டரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். மனசுக் கோட்டில் ஏழு நாளும் "பாரம்" என்று எழுதியிருந்தால், சீனியும் நடையும் காத்திருக்கட்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசலாம் என்று கேளுங்கள், அல்லது நம்பும் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஆறாம் படி: பதினாலு நாள்

செய்த நாளுக்கு ஒரு புள்ளி. பதினாலில் பத்துப் புள்ளி வந்தால் அடுத்த அடி வைக்கலாம். ஏழுக்குக் கீழே என்றால் இலக்கு பெரிது, பாதியாக வெட்டுங்கள். அடைமழைக் காலத்துக்கும் திருவிழாவுக்கும் முன்கூட்டியே ஒரு சின்ன அளவை எழுதி வைத்துக்கொண்டால் அந்த நாட்களில் கை நழுவாது.

அம்மாவின் டின் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. இப்போது இரண்டு நிற விதை. சீனி போட்ட கோப்பைக்கு வெள்ளை, போடாததுக்குக் கறுப்பு. நாலு மாதமாகிறது. போன ஞாயிறு பாயில் கொட்டினோம். அன்றைக்கு ஆறு கோப்பை, மூன்று கறுப்பு, மூன்று வெள்ளை. வெள்ளைக்கு ஒவ்வொரு கரண்டி. அம்மா கறுப்பு விதைகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, "இது மூணும் சின்னம்மா வீட்ல குடிச்சது, அவளும் சீனிய விட்டுட்டா" என்றார்.